பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு பர்சனல் லோன் டாப்-அப் போடலாமா? கடனும் அடையணும், படிப்பும் நிக்கக் கூடாது

கேள்வி கேட்டது மதுரையில இருக்கற ஒரு தம்பி. வயசு 52, பிரைவேட் கம்பெனில சூப்பர்வைசர், கைக்கு வர்றது 58,000. பொண்ணு கோயம்புத்தூர்ல கவுன்சிலிங்ல கிடைச்ச சீட்டுல பி.இ. மூணாவது வருஷம் போகப் போகுது, பையன் மதுரையிலயே பி.காம் முதல் வருஷம். கடன்னு பார்த்தா பர்சனல் லோன் ஒண்ணு (5 லட்சம், 14%, 5 வருஷம், ஒன்றரை வருஷம் கட்டியாச்சு), கிரெடிட் கார்டுல 1,20,000, தெரிஞ்சவர்கிட்ட ரெண்டு வட்டிக்கு வாங்கின ஒரு லட்சம். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து 4 லட்சம் வேணும். பேங்க்ல இருந்து "டாப்-அப் தர்றோம் சார்"னு போன் பண்றாங்க, அதாவது ஓடுற லோனுக்கு மேலயே இன்னொரு கடன், 15% வட்டியாம், வாங்கிடலாமான்னு கேட்டிருக்கார். "பிள்ளைங்களுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேணாம்"னு கடைசில ஒரு வரி எழுதியிருக்கார். எனக்கு அந்த வரிதான் மனசுல நின்னுச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

தம்பி, நான் பேங்க்ல லோன் செக்‌ஷன்ல பல வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். ஜூன் ஜூலை வந்தா நகைக்கடன் கவுன்டர்ல கூட்டம் அம்மும், பாதிப் பேர் காலேஜ் ஃபீஸுக்கு வந்தவங்களா இருப்பாங்க. அதனால உங்க கணக்கு எனக்குப் புதுசு இல்ல. சுருக்கமா சொல்லணும்னா அந்த டாப்-அப் வேணாம். பொண்ணு படிப்புச் செலவு பொண்ணு பேர்ல கல்விக்கடனா போகட்டும், உங்க சம்பளம் உங்க பழைய கடனை அடைக்கட்டும். ஏன்னு சொல்றேன், நம்பரோட பாருங்க.

முதல்ல டாப்-அப் வாங்கினா என்ன ஆகும். 4 லட்சம், 15%, 5 வருஷம்னா இஎம்ஐ 9,516 வரும், அதுவும் அடுத்த மாசமே ஆரம்பிச்சிரும். ஏற்கனவே ஓடுற லோனுக்கு 11,634. கார்டுக்கு நீங்க மாசம் 6,000 கட்டுறதா சொல்லியிருக்கீங்க, கைமாத்து வட்டி 2,000. கூட்டிப் பாருங்க, 29,150. கைக்கு வர்ற சம்பளத்துல பாதி போச்சு. மிச்சத்துல வாடகை, மளிகை, கரண்ட் பில்லு, பையன் செலவு, பொண்ணு கைச்செலவு, அம்மா மருந்துன்னு வந்தா மூணாவது மாசமே திரும்பக் கார்டைத் தேய்க்க வேண்டி வரும். நான் பார்த்தவரைக்கும் குடும்பங்கள் விழுந்தது பெரும்பாலும் இந்த இடத்துலதான். வாங்கின முதல் கடன் அவங்கள சாய்க்கல, இஎம்ஐ கட்டுறதுக்காக வாங்கின கடன்தான் சாய்ச்சது.

இப்ப அந்தக் கார்டை கொஞ்சம் கிட்ட வச்சுப் பார்ப்போம், ஏன்னா மாசாமாசம் 6,000 கட்டுறோமே, குறைஞ்சுகிட்டுதான் இருக்கும்னு நீங்க நினைக்கறீங்க. மாசம் 3.5% வட்டின்னா 1,20,000க்கு வட்டி 4,200. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 756. ரெண்டும் சேர்த்து 4,956. நீங்க கட்டுற 6,000ல அசல்ல கழியறது 1,044 ரூபாதான். இனிமே அந்தக் கார்டுல ஒத்த ரூபா செலவு பண்ணாம இப்படியே கட்டினாக்கூட முடிய 43 மாசத்துக்கு மேல ஆகும், மொத்தமா 2,59,000 பக்கம் கட்டியிருப்பீங்க. அதோட இன்னொண்ணு, முழு பாக்கியும் கட்டாத வரைக்கும் புதுசா வாங்குற மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும், அந்த 45 நாள் 50 நாள் சலுகையெல்லாம் கிடையாது. நிறையப் பேருக்கு இது தெரியறதே இல்ல.

வட்டின்னு ஒரே தராசுல வச்சா கார்டு வருஷத்துக்கு ஜிஎஸ்டியோட கிட்டத்தட்ட 50%, ரெண்டு வட்டின்னா நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபா, வருஷத்துக்கு 24%, பர்சனல் லோன் 14%. நாம என்னடான்னா ரெண்டு வட்டிக்காரரைப் பார்த்துத்தான் பயப்படுறோம், தெருவுல நேருக்கு நேர் பார்க்கணுமே, கார்டு சத்தமில்லாம அதுக்கு ரெண்டு மடங்கு தின்னுகிட்டு இருக்கு.

வீட்டுல 6 பவுன் இருக்கு, அடகு வைக்காம வச்சிருக்கோம், பொண்ணு கல்யாணத்துக்குன்னு எழுதியிருக்கீங்க. அதை விக்க வேணாம். ஆனா அதை வச்சு கார்டையும் கைமாத்தையும் ஒரே அடியா முடிச்சிரலாம். அரசு வங்கி, கூட்டுறவு வங்கின்னா நகைக்கடன் 10% பக்கம் கிடைக்கும், தனியார் அடகுக் கம்பெனிக்குப் போனா கூடும், அங்க போகாதீங்க. 2,20,000 வாங்கினா இன்னைக்கு விலைக்கு 6 பவுனும் தேவைப்படாது, ஒண்ணு ரெண்டு பவுன் வீட்டுலயே தங்கலாம். இப்ப நீங்க கார்டுக்கு 6,000, வட்டிக்கு 2,000ன்னு மாசம் 8,000 கட்டுறீங்கல்ல, அதே 8,000த்தை மாசாமாசம் நகைக்கடன்ல கட்டுங்க. இப்ப கட்டுறதை விட ஒரு ரூபாகூட அதிகமாப் போகல, ஆனா 32 மாசத்துல கார்டும் முடிஞ்சு, ஒரு லட்சம் அசலும் முடிஞ்சு, நகையும் வீட்டுக்கு வந்துரும். பழைய வழியில போனா 43 மாசம் கழிச்சு கார்டு மட்டும்தான் முடிஞ்சிருக்கும், அந்த ஒரு லட்சம் அசல் அப்படியே நிக்கும்.

இதுல ரெண்டு விஷயம் கறாரா இருக்கணும். ஒண்ணு, நகைக்கடன் சாதாரணமா ஒரு வருஷக் கெடு, ஆளுங்க வருஷக் கடைசில வட்டியை மட்டும் கட்டி மாத்தி வச்சுகிட்டே போவாங்க, அப்படி மாத்தி வச்சே அஞ்சு வருஷம் கழிச்சு ஏலத்துக்குப் போன நகையை நான் பார்த்திருக்கேன். அதனால மாசத் தவணை போட்டுத் தர்ற நகைக்கடன் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா நீங்களாவே சம்பளத் தேதிக்கு மறுநாள் 8,000 கட்டிட்டு ரசீது வாங்கி வையுங்க. ரெண்டு, கார்டு ஜீரோ ஆன அன்னைக்கே அதோட லிமிட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க. காலியான கார்டு பர்ஸ்ல இருந்தா தீபாவளிக்கு மறுபடி நிறைஞ்சிரும்.

நகை வைக்கறதை வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டு, அவங்க மனசார சரின்னு சொன்னப்புறம் எடுத்துட்டுப் போங்க. இதை ஏன் சொல்றேன்னா, கவுன்டர்ல அப்ரைசர் (நகையை மதிப்புப் போடறவர்) வளையலை உரைகல்லுல உரசி, கல்லு வெயிட்டைக் கழிச்சு, எண்ணை பென்சில்ல எழுதறப்ப பக்கத்துல நிக்கற அம்மாக்கள் முகத்தை நான் வருஷக்கணக்கா பார்த்திருக்கேன். விஷயம் தெரிஞ்சு வந்தவங்க "எப்ப சார் திருப்பலாம்"னு கேப்பாங்க. தெரியாம வந்தவங்க ஒண்ணுமே பேச மாட்டாங்க, கையெழுத்துப் போட்டுட்டு அந்த வெறுங்கையைப் புடவைத் தலைப்புக்குள்ள இழுத்துக்குவாங்க.

பர்சனல் லோனை இப்போதைக்குத் தொடாதீங்க. பாக்கி 3,84,000 பக்கம் இருக்கும், 42 மாசம் இருக்கு, அது பாட்டுக்கு ஓடட்டும். ஃபிக்ஸட் வட்டி லோனா இருந்தா முன்கூட்டியே அடைக்கறதுக்கு தனி சார்ஜ் போடுவாங்க, சாங்ஷன் லெட்டர்ல எத்தனை சதவீதம்னு இருக்கும், பார்த்து வச்சுக்கோங்க. நகைக்கடன் முடிஞ்சப்புறம் மிச்சமாகுற 8,000த்தை அதுல போடலாமா, சேமிக்கலாமான்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம்.

இப்ப கல்விக்கடன். மூணாவது வருஷத்துல தருவாங்களான்னு கேப்பீங்க, தருவாங்க, நடுவுல வாங்கத் தடை ஒண்ணும் கிடையாது, இனி கட்ட வேண்டிய ஃபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் வாங்கலாம். வங்கிகள் சங்கத்தோட மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரைக்கும் நாம கைக்காசு போட வேண்டியதில்ல, 7.5 லட்சம் வரைக்கும் சொத்து ஈடு வேண்டியதில்ல, அதுக்கு மத்திய அரசோட உத்தரவாத நிதி இருக்கு. உங்க பொண்ணு கவுன்சிலிங்ல வந்தது ரொம்ப நல்லது, மேனேஜ்மென்ட் கோட்டான்னா இதே கதவு அவ்வளவு சுலபமா தொறக்காது. படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் இஎம்ஐ கிடையாது. அந்தக் காலத்துல தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி இல்ல. சில அரசு வங்கிகள்ல பொம்பளப் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் குறைவு, படிக்கிறப்பவே வட்டியைக் கட்டிட்டு வந்தா சில இடத்துல இன்னொரு ஒரு சதவீதம் குறைப்பாங்க, கேட்டாத்தான் சொல்வாங்க.

10%ன்னே வச்சுக்குவோம். வருஷத்துக்கு 2 லட்சமா ரெண்டு தவணையில எடுக்கறீங்க. வட்டி எதுவும் கட்டாம விட்டா இஎம்ஐ ஆரம்பிக்கறப்ப 5 லட்சம் ஆகியிருக்கும், பத்து வருஷத்துக்கு மாசம் 6,607. வட்டியை மட்டும் அப்பப்ப கட்டினா (முதல் வருஷம் மாசம் 1,667, அப்புறம் 3,333) பொண்ணு தலையில நிக்கறது 4 லட்சம்தான், மாசம் 5,286. டாப்-அப்போட 9,516ஐ இதோட பக்கத்துல வச்சுப் பாருங்க. முதல் வருஷம் அந்த 1,667 உங்களால முடியும். 11,634, 8,000, 1,667 சேர்த்தா 21,301. வீட்டுக்கு 36,699 நிக்குது. தாராளம்னு சொல்ல மாட்டேன், ஆனா கார்டைத் தேய்க்காம ஓட்டலாம்.

வயசு விஷயம் ஒண்ணு இருக்கு, இதுதான் என் மனசுல பெருசு. உங்களுக்கு 58ல ரிட்டயர்மென்ட்னா இன்னும் 6 வருஷச் சம்பளம்தான் பாக்கி. உங்க பொண்ணுக்கு முப்பத்தஞ்சு வருஷச் சம்பளம் முன்னாடி இருக்கு. ஒரே 4 லட்சம்தான், அதைத் தூக்க எந்தத் தோளுக்கு நாள் நிறைய இருக்குன்னு பாருங்க. "பிள்ளை தலையில கடனைக் கட்டிட்டாங்கன்னு சொந்தக்காரங்க பேசுவாங்க"ன்னு நீங்க எழுதல, ஆனா நினைச்சிருப்பீங்க, நானும் நினைச்சேன். அறுபது வயசுல கையில ஒண்ணும் இல்லாம அதே பிள்ளை வீட்டு வாசல்ல நின்னா, அப்ப அது தூக்க வேண்டிய பாரம் மாசம் 5,286ஐ விட ரொம்பப் பெருசு. பிஎஃப்ல கை வைக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க, படிப்புக்கு எடுக்க விதி இருக்கு, ஆனா எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன். 2024-25க்கு 8.25% வட்டி கொடுத்த பணம் அது, கல்விக்கடனுக்கும் அதுக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், அதை எடுத்துட்டா 58ல உங்களுக்குன்னு வேற என்ன இருக்கு.

ஒரு எச்சரிக்கை. கல்விக்கடன்ல நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுவீங்க, நாளைக்குப் பொண்ணு கட்டலன்னா சிபில், அதாவது கடனை ஒழுங்கா கட்டுறோமான்னு போடுற மார்க், ரெண்டு பேருக்கும் விழும். அதனால வேலை கிடைச்ச முதல் மாசமே அவ சம்பள அக்கவுண்ட்ல இருந்து தானா பிடிக்கற மாதிரி எழுதிக் கொடுத்துரணும். வருமான வரில கல்விக்கடன் வட்டிக்குக் கழிவு இருக்கு, உச்சவரம்பு இல்ல, எட்டு வருஷம் வரைக்கும், ஆனா பழைய வரி முறையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான்.

இதைப் படிக்கற மத்தவங்க யாராவது இந்த வருஷம் பிள்ளையைப் புதுசா சேர்க்கறதா இருந்தா, முதல்ல சலுகைகளைப் பார்த்துட்டு அப்புறம் கடனைப் பாருங்க. மத்திய அரசு 2024 நவம்பர்ல ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமில முதல் பட்டியல்லயே 860 கல்லூரி இருக்கு, ஈடும் கிடையாது ஜாமீனும் கிடையாது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருந்தா 10 லட்சம் வரைக்குமான கடனுக்குப் படிக்கிற காலத்துலயும் மேற்கொண்டு ஒரு வருஷமும் 3% வட்டியை அரசு ஏத்துக்கும், வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான், அதனால சீக்கிரமே விண்ணப்பம் போட்டுருங்க. வீட்டுல யாரும் டிகிரி படிக்காதவங்கன்னா முதல் பட்டதாரிச் சான்று வாங்கினா கவுன்சிலிங்ல வர்ற தொழிற்படிப்புக்கு ஃபீஸ் சலுகை இருக்கு. அரசுப் பள்ளில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொம்பளப் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 நேரா அக்கவுண்ட்ல வரும். தம்பி, உங்க பையன் அரசுப் பள்ளின்னா காலேஜ் ஆபீஸ்ல இதை உடனே கேளுங்க. ஆயிரம்தானேன்னு விடாதீங்க, அவனோட பஸ்ஸும் நோட்டும் ஜெராக்ஸும் அதுல முடியும்.

கார்டு பேங்க்ல இருந்து ஆபீஸுக்கே போன் பண்ணி சத்தம் போட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க. காலையில 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு ஆர்பிஐ 2022லயே சொல்லியிருக்கு, மிரட்டறதும் மத்தவங்ககிட்ட சொல்லி அவமானப்படுத்தறதும் எந்த நேரத்துலயும் கூடாது. பேங்குக்கே மெயில்ல புகார் போடுங்க, 30 நாள்ல பதில் வரலன்னா ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்க்கற அதிகாரி) போகலாம், 14448க்கு அடிச்சா வழி சொல்வாங்க, காசு செலவில்ல. அவங்க "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடறோம்"னு சொன்னா ஆசைப்படாதீங்க, சிபில்ல "செட்டில்ட்"னு ஏறிடுச்சுன்னா பொண்ணு கல்விக்கடனுக்கு நீங்க கையெழுத்துப் போடறப்ப அதுவே குறுக்க நிக்கும். முழுசா கட்டி, பாக்கி இல்லன்னு லெட்டர் வாங்குங்க. அதனாலதான் வரிசையும் முக்கியம், முதல்ல நகைக்கடன் வாங்கி கார்டை அடைங்க, அப்புறம் கல்விக்கடன் விண்ணப்பம் போடுங்க.

இனி அந்தக் கடைசி வரிக்கு வர்றேன். பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்னு நானும் இருந்தவன்தான். என் பையன் இன்ஜினியரிங் படிச்சப்ப அவன் ஃபீஸுக்கு வெளில வாங்கி, வீட்டுல சொல்லாம, அவன் லேப்டாப் கேட்டதும் அதையும் தவணையில வாங்கிக் கொடுத்தேன். மூணாவது வருஷ லீவுல வந்தவன் பீரோவுல ஏதோ சர்டிபிகேட் தேடறப்ப அடகு ரசீதுங்க கையில சிக்கிருச்சு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சிருந்தேன், ஏழு ரசீது. அவன் கோபப்படல. "இது தெரிஞ்சிருந்தா நான் ஹாஸ்டல் விட்டு ரூம் எடுத்திருப்பேன்பா, பசங்க நாலு பேர் சேர்ந்து தங்கினா பாதிதான் ஆகும், லேப்டாப்பும் லேப்லயே பார்த்திருப்பேன்"னான். அவ்வளவுதான் சொன்னான். நான் அவனைக் காப்பாத்தறேன்னு நினைச்சு அவன் கையில இருந்த உதவியை வாங்கிக்காம இருந்திருக்கேன், அது இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

அதனால ரெண்டு பிள்ளையையும் உட்கார வச்சு சொல்லுங்க. பொண்ணு ஊருக்கு வர்ற ஞாயித்துக்கிழமை, சாப்பாடு முடிஞ்சப்புறம், டிவியை அணைச்சுட்டு. ஒரு நாப்பது பக்க நோட்டுல ஒரே பக்கம், மேல சம்பளம், கீழ ஒவ்வொரு கடனும் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்ப முடியும். நோட்டை அவங்க கையிலயே கொடுத்துருங்க, அவங்களே கூட்டிப் பார்க்கட்டும். ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, "உங்களாலதான் இந்தக் கடன்"ங்கற மாதிரி ஒரு வார்த்தைகூட வந்துரக் கூடாது, அது ஒருதடவை காதுல விழுந்தா படிப்புலயே மனசு நிக்காது. "இது நம்ம வீட்டுக் கணக்கு, உங்களுக்கும் இனிமே தெரியணும்"னு சொன்னாப் போதும். பையன்கிட்ட போன் தவணை, லோன் ஆப், பிரெண்டுக்கு ஜாமீன் இதுல எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு தெளிவா சொல்லிடுங்க, பதினெட்டு ஆயிட்டா ஆப்ல அஞ்சு நிமிஷத்துல கடன் கொடுத்துடறாங்க. அவன் சாயந்தரம் பத்தாவது பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கறேன்னு சொன்னா எடுக்கட்டும், பரீட்சை மாசம் மட்டும் வேணாம்னு சொல்லுங்க.

ஒரு கணக்கு மட்டும் சொல்லி விடறேன். நகைக்கடன் 32 மாசத்துல முடியும், பர்சனல் லோன் 42 மாசத்துல முடியும். அப்ப உங்களுக்கு 55 வயசு தாண்டியிருக்கும், பொண்ணு வேலைக்குப் போயிருப்பா, பையனும் டிகிரி முடிச்சிருப்பான், 58க்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். அந்த ரெண்டு வருஷமும் 11,634 ப்ளஸ் 8,000, மாசம் 19,634 உங்களுக்கே உங்களுக்குன்னு சேரும், 24 மாசத்துக்கே 4,71,000 ஆச்சு, வட்டி தனி.

நாளைக்குப் பொண்ணுக்கு போன் போட்டு காலேஜ்ல போனஃபைடும் (அங்க படிக்கறான்னு தர்ற சான்று) மிச்ச ரெண்டு வருஷத்துக்கான ஃபீஸ் விவரமும் லெட்டர்பேடுல வாங்கச் சொல்லுங்க, ஹாஸ்டல் ஃபீஸும் அதுல வரணும். கவுன்சிலிங் அலாட்மென்ட் ஆர்டர், இதுவரைக்கும் எழுதின செமஸ்டர் மார்க் ஷீட், ரெண்டு பேரோட ஆதார், பான், உங்க சம்பளச் சீட்டு இதெல்லாம் ஒரு ஃபைல்ல போடுங்க. வருமானச் சான்று இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சுருங்க, அதுக்குத்தான் நாள் ஆகும். உங்க சம்பள அக்கவுண்ட் இருக்கற கிளைக்கே முதல்ல போங்க, வாய்ல "இல்ல"ன்னு சொல்லி அனுப்பினா விண்ணப்பத்தை வாங்கிட்டு காரணத்தை எழுத்துல கொடுங்கன்னு மரியாதையா கேளுங்க, பாதிக் கிளைகள்ல அந்த ஒரு வாக்கியத்துக்கே ஃபைல் நகரும். என்ன பதில் வந்துச்சுன்னு எழுதுங்க, வட்டி எவ்வளவு சொன்னாங்கன்னும் போடுங்க, கணக்கு நான் திரும்பப் போட்டுத் தர்றேன்.